மூன்று வேளை மருந்தும் ஒரு வேளை உணவும்

1

இந்தக் கதையை நான் புனையவில்லை; ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நலம். பிரிக்ஃபீல்ட்சில் ஒரு மருந்துக்கடையில், கண்ணுக்கு விடும் சொட்டுமருந்துக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்மணி மருந்தாளுநரிடம் சொன்ன ஒரே வாக்கியம்தான் இதன் வித்து:

"மூணு வேளை சாப்பாட்டுக்குப் பிறகுன்னு எழுதியிருக்கு. நான் ஒரு வேளைதானே சாப்பிடுறேன், அதான் மூணையும் சேத்து அப்பவே போட்டுட்டேன்."

மருந்தாளுநர் அவரை ஓரத்து நாற்காலிக்கு அழைத்துச் சென்றார். என் மருந்தை வேறொருவர் தந்தார். அதற்குமேல் ஒரு சொல்லும் என் காதில் விழவில்லை. [விழுந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். முழுதும் தெரிந்ததைக் கதையாக்கும் துணிவு எனக்கில்லை.] நான் கண்டது இவ்வளவே: வலக்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்தார், மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, பேசும்போது மூச்சு பாதி வாக்கியத்தில் தீர்ந்துபோயிற்று.

மற்றவை என் பொறுப்பு. பெயர் லோகேஸ்வரி, வயது நாற்பத்தெட்டு, ஊர் கிள்ளான் என்று வைத்துக்கொள்கிறேன். துறைமுகத்தில் லோரி ஓட்டும் சிவநேசனை அவளுக்குக் கணவனாக்குகிறேன். அவளுக்கும் ஒரு வேலை வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

வேங்கை பூத்த மலைச்சாரலில் வழி தவறிய இளங்களிறு மூங்கிலை முறிப்பதுபோல, அவள் வயிற்றினுள் வலியானது—

[நிறுத்தினேன். கிள்ளானில் வேங்கையும் இல்லை, களிறும் இல்லை. பழம்பாடல்களிலேயே வாழ்ந்து பழகியவனுக்கு வலி என்றதும் மலை வந்துவிடுகிறது, என் செய்வது?]

இரண்டாவது:

நோவு என்பது அடியாரை இறைவன் தொட்டுப் பார்க்கும் விரல். அதை மருந்தால் விலக்குவோர்—

[இதை ஒரு வாரம் வைத்திருந்தேன். ஓசை நன்றாகவே இருந்தது. ஒருநாள் கடைவாய்ப்பல் வீங்கி, நானே இரண்டு மாத்திரைகளை விழுங்கிவிட்டு மேசைக்குத் திரும்பியபோது, அந்த வரி என்னைப் பார்த்தது. அடித்துவிட்டேன்.]

மூன்றாவதில் உவமை இல்லை. அது நிலைத்தது.

3

புதன்கிழமை காலை லோகேஸ்வரியின் பித்தப்பையை எடுத்தார்கள்.

பித்தப்பையில் கல் என்று கண்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அரசு மருத்துவமனையின் காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் வராமற்போக, அவளுக்குத் திடீரென்று அழைப்பு வந்தது. வேண்டாம் என்றால் இன்னும் எத்தனை மாதமோ! போனாள். நுண்துளை அறுவைதான்: வயிற்றில் காற்றை நிரப்பி உப்பச் செய்து, தொப்புளில் ஒன்றும் விலாவுக்குக் கீழே மூன்றுமாக நான்கு துளைகள் இட்டு, அவற்றின் வழியே கருவியும் விளக்கும் செலுத்தி, பையைப் பிரித்தெடுத்துவிடுவார்கள். மறுநாளே வீடு.

அவள் வேலையை இங்கே சொல்லலாம். தெலுக் பங்லிமா காராங் என்னும் ஊரில் ரப்பர் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் அவள் தரம் பார்ப்பவள். கையுறையைக் காற்றால் ஊத வைத்து, விளக்கின் முன் பிடித்து, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் தள்ளிவிடுவது. பத்தொன்பது ஆண்டுகளாக அதுவே பணி. மயக்கம் தெளிந்ததும் தன் வயிற்றைப் பார்த்து அவள் தாதியிடம் சொன்னாளாம்: "நாலு ஓட்டை. எங்க ஃபேக்டரியா இருந்தா ரிஜெக்ட்."

இனி மஞ்சள் கயிறு. கிள்ளானில் ஒரு கோயில் மண்டபத்தில் ஆண்டுக்கொருமுறை முற்றோதல் நடக்கும். பதிகங்களை வைகறையில் தொடங்கி விளக்கேற்றும் பொழுதுவரை ஒன்று விடாமல் ஓதி நிறைவு செய்வார்கள். முன்வரிசையில் அமர்ந்து நடத்தும் ஐவருக்குப் பதினைந்து நாள் முன்னரே காப்புக் கட்டப்படும். கட்டியவர் அந்நாள் முதல், அந்தியில் விளக்கேற்றிய பின் ஒருமுறை மட்டுமே உண்பார். நோன்பு தவறினால் காப்பை அவிழ்த்துவிட்டு, முன்வரிசையை விட்டுப் பின்னால் போகவேண்டியதுதான்.*

லோகேஸ்வரி பதினோர் ஆண்டுகள் இரண்டாம் வரிசையில் அமர்ந்து பின்பாட்டுப் பாடியவள். இவ்வாண்டுதான் முன்வரிசை. நிறைவுப் பதிகம் அவளுடையது. அறுவைக்கு நான்கு நாள் முன்பு காப்புக் கட்டியாயிற்று. அறுவைக்குப் பதினொன்றாம் நாள், ஞாயிறன்று, முற்றோதல். அறுவை அறையில் கயிற்றை வெட்டக் கத்தரிக்கோலுடன் வந்த மலாய்த் தாதி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாக் அப்பா லா, ஆன்டி" (பரவாயில்லை) என்று கயிற்றின் மேலேயே ஒட்டுப்பட்டையைச் சுற்றிவிட்டுப் போனாள்.

*பாலும் பழமும் நோன்புக்கு விலக்கில்லையே என்று கேட்கும் வாசகர் இருப்பார். இந்த மண்டபத்தில் விலக்கு. இதைப் பற்றி நான் பின்னர் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.

4

வீட்டுக்கு வந்த வியாழனன்று வயிறு அவ்வளவாக வலிக்கவில்லை. வலித்தது தோள்.

"வயித்துல கை வச்சானுங்க, தோளு ஏன் நோவுது?" என்றான் சிவநேசன். "ஏதாச்சும் மாத்திக் கீத்தி வெட்டிட்டானுங்களா?"

"சிரிக்க வெக்காதீங்க. சிரிச்சா இழுக்குது."

"நான் எங்க சிரிக்க வெச்சேன்? பயத்துல கேக்குறேன்லா. இதயமா இருந்தா?"

"உள்ள அடைச்ச காத்து இன்னும் மிச்சம் இருக்காம். அது மேல ஏறி நெஞ்சுக்குக் கீழ இருக்கிற சவ்வ உறுத்துதாம். அந்த நரம்பும் தோள் நரம்பும் ஒண்ணாம். நடந்தா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரு."

"அப்ப நட."

"நடந்தா வயிறு நோவுது."

"இது என்னடா, முன்ன போனா கடிக்குது பின்ன வந்தா ஒதைக்குது," என்று அவன் தைல பாட்டிலைத் தேடப் போனான்.

மருத்துவமனை தந்த உறைகள் இரண்டு. ஒன்றில் வீக்கம் தணிக்கும் குளிகைகள்: நாளுக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின். மற்றதில் வெள்ளை மாத்திரைகள்: வலிக்கு, தேவைப்பட்டால். லோகேஸ்வரி இரண்டையும் படித்தாள். கையுறை ஆய்வில் எழுதியபடி செய்வதே ஒழுக்கம். ஒரு வரியைக்கூடத் தாண்டமாட்டாள். உணவுக்குப் பின் என்று எழுதியிருக்கிறது. உணவோ அந்தியில் ஒருமுறை. ஆகவே அந்தியில், விளக்கேற்றி, உண்டு முடித்து, மூன்று குளிகைகளையும் உள்ளங்கையில் வைத்து, நிறையத் தண்ணீரோடு விழுங்கினாள். ஒரு நாளைக்கு மூன்று, மூன்றும் போயிற்று, விதி எதுவும் மீறப்படவில்லை. வெள்ளை மாத்திரையைத் தொடவில்லை. தேவைப்பட்டால் என்றுதானே எழுதியிருக்கிறது? தாங்க முடிகிற ஒன்றைத் தேவை என்று எப்படிச் சொல்வது?

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. விடியும்போது நன்றாக இருக்கும். நண்பகலில் விலாவின் அடியில் கனல் மூளும். பிற்பகலில் நெஞ்சுக்குழி எரியும். அது பசி என்று எண்ணினாள். சனியன்று பூசையறையில் அமர்ந்து நிறைவுப் பதிகத்தை மெல்ல எடுத்தாள். ஒவ்வொரு பாட்டின் ஈற்றடியும் ஒரே மூச்சில் முடியவேண்டியது. மூன்றாம் சீரில் மூச்சு தீர்ந்தது. மீண்டும் எடுத்தாள், மீண்டும் அங்கேயே. ஆழ இழுத்தால் வலிக்கும் என்று உடம்பு தானாகவே பாதியில் கதவைச் சாத்திவிடுகிறது.

அவள் எழுந்து வெளியே வந்தபோது சிவநேசன் கேட்டான்: "ஏன் நிறுத்திட்ட?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

5

இங்கே கதையை நிறுத்தி, என் மீது ஓர் ஐயத்தை வைக்கவேண்டும்.

நான் இவளை விரும்பத் தொடங்கியது சரியாக எந்த இடத்தில்? "தாங்க முடிகிற ஒன்றைத் தேவை என்று எப்படிச் சொல்வது" என்ற வரியில். நான் வளர்ந்த பாட்டுலகில் புண் என்பது மார்பில் பட்டால் பெருமை. முதுகில் பட்டால் நாண். பிரிவில் தோள் மெலிந்து வளை நெகிழ்வது அழகு. உடல் நொந்து உருகியவர்க்கே இறைவன் எளியன் என்று கைகூப்பிக் கேட்டுப் பழகியவன் நான். அந்தப் பாட்டுகளை இன்றும் கண்ணீரோடுதான் பாடுகிறேன்.

ஆனால் நெல்மணி நீளத்தில் நான்கு துளைகள் பட்டவளைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. அவளை எந்தப் பகைவனும் தாக்கவில்லை. எந்தத் தலைவனும் பிரிந்து போகவில்லை. வெளியே புண் சிறிது. உள்ளே, பையைப் பிரித்தெடுத்த இடம் சிவந்து வீங்கி ஆறிக்கொண்டிருக்கிறது. வீக்கம் உடம்பு செய்யும் பழுதுபார்ப்பு. அளவுக்கு மிஞ்சினால் அதுவே இடைஞ்சல். இதில் வீரம் எங்கே, அன்பு எங்கே? நான்தான் அவள் மீது வீரத்தைப் போர்த்துகிறேன்.

[லோகேஸ்வரி உண்மையில் பொறுமைசாலியா, அல்லது நான் பொறுமைசாலிகளை மட்டுமே கதைக்குள் அனுமதிப்பவனா? இக்கேள்வியை இப்படியே விட்டுவிடுகிறேன்.]

6

திங்களன்று கட்டு மாற்ற மருத்துவமனைக்கு வந்து திரும்பும் வழியில், நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று பிரிக்ஃபீல்ட்சில் இறங்கினாள். வண்டி நிறுத்த இடமின்றிச் சிவநேசன் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தான். மருந்தாளுநரின் பெயர் லோஜினி, முப்பது வயதிருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

நாற்காலியில் உட்காரவைத்து முதலில் கேட்டாள்: "ஆன்டி, மலம் கறுப்பா போகுதா? வாந்தி?"

"இல்லம்மா. எரிச்சல் மட்டுந்தான்."

"நாலு நாளா மூணு மூணு சேத்தா?"

"தண்ணி நெறைய குடிச்சேனே."

"தண்ணி குடிச்சா சரியாயிடுமா? ஒண்ணு எட்டு மணி நேரந்தான் வேலை செய்யும். மூணு சேத்துப் போட்டா மூணு மடங்கு நேரம் தாங்காது ஆன்டி, வயிறுதான் புண்ணாகும். சரி, வெள்ளை மாத்திரை?"

"அது தேவைப்பட்டான்னு போட்டிருந்துச்சு. எனக்குத் தேவைப்படல."

"வலியே இல்லையா?"

"இருந்துச்சு. தாங்கிக்கிட்டேன்."

விலாவோடு சேர்த்துப் பிடித்திருந்த அவள் கையை லோஜினி பார்த்தாள். "ஒரே ஒரு தடவை நல்லா மூச்ச இழுங்க."

இழுத்தாள். பாதியில் நின்றது.

"இருமுங்க."

"ஐயோ, வேணாம்மா."

"இதுக்குத்தான் ஆன்டி அது தேவை. வலிய மறக்குறதுக்கு இல்ல. நல்லா மூச்சு விடணும், இருமணும், நடக்கணும். மேலோட்டமாவே மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும், காய்ச்சல் வரும். வலி வந்தப்புறம் ஓடிப்போய்ப் போடுறது இல்ல, வர்றதுக்கு முன்னாடி மணி பாத்துப் போடுறது. இரும வந்தா ஒரு சின்னத் தலகாணிய வயித்தோட அணைச்சுக்கிட்டு இருமுங்க." பிறகு மெல்லக் கேட்டாள்: "நீங்க ஏன் ஒரு வேளைதான் சாப்பிடுறீங்க?"

லோகேஸ்வரி காப்பைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள். ஈற்றடியைப் பற்றியும் சொன்னாள். கணவனிடம் சொல்லாததை முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்ல முடிந்தது.

லோஜினி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தாள். "இன்னைக்குக் குளிகை வேணாமாம். வயித்துக்கு ஒரு மாத்திரை தரச் சொன்னாங்க. வெள்ளை மாத்திரைய சாப்பாடு இல்லாமலும் போடலாம், மணி தவறாம. நாளையிலேருந்து திரும்பக் குளிகை, ஒவ்வொண்ணா, ஒவ்வொரு தடவையும் வயித்துல ஏதாச்சும் இருக்கணும். அதுல டாக்டர் கண்டிஷனா இருக்காரு."

"ஏதாச்சும்னா?"

"ரெண்டு ரொட்டி போதும்."

"ரெண்டு ரொட்டியும் சாப்பாடுதானம்மா," என்றாள் லோகேஸ்வரி.

நோன்பைக் காத்தால் மூச்சில்லை. மூச்சைக் காத்தால் முன்வரிசையில் இடமில்லை. பதினோர் ஆண்டு காத்திருந்தவள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாள்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு. யாரிடமும் சொல்லாமல் நோன்பைக் காத்து, மருந்தின்றி வந்து, வலியோடு பாடுகிறாள். ஈற்றடி முழங்குகிறது. சபை கண்ணீர் விடுகிறது. எழுதியபோது நானும் விட்டேன், ஆகவே ஐயப்பட்டேன். சனியன்று மூன்றாம் சீரில் நின்ற மூச்சு, சளியும் கனலும் கூடிய பின் ஞாயிறன்று எப்படி நீளும்? என் கண்ணீருக்கு அவள் நுரையீரல் விலை கொடுக்கவேண்டுமா? கிழித்தேன்.

இரண்டாம் முடிவு. உண்கிறாள், காப்பை அவிழ்த்து, முற்றோதலை நடத்தும் திருச்செல்வத்திடம் தந்துவிட்டு இரண்டாம் வரிசையில் அமர்கிறாள். வேறொருத்தி பாடுகிறாள். நீதி, ஆனால் யாருக்கு?

மூன்றாம் முடிவு. திருச்செல்வத்துக்கே பித்தப்பையில் கல் வந்து அவர்— [வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள்.]

8

பின்னர் சொல்வதாகச் சொன்னது இதுதான். நோன்பு விதியை நானே செய்தேன்.

மருந்துக்கடையில் கண்ட பெண்மணியின் கயிறு எதற்காகவும் இருந்திருக்கலாம். அவர் ஏன் ஒரு வேளை உண்டார் என்பதும் எனக்குத் தெரியாது. காப்பு, பதினைந்து நாள், பால்கூடக் கூடாது, தவறினால் எழுந்து பின்னால் போ: அத்தனையும் என் மேசையில் பிறந்தவை. இறுக்கம் இருந்தால் கதை நிற்கும் என்று ஒவ்வொரு முடிச்சாகப் போட்டேன். பிறகு, அவள் என்ன செய்வாள் என்று கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தேன்.

அப்படிச் செய்தவனுக்கு ஓர் உரிமையை விட்டுக்கொடுக்கும் கடமை உண்டு; ஒன்றைப் பற்றிக்கொள்ளும் கடமையும் உண்டு. பற்றிக்கொள்வதை முதலில் சொல்கிறேன். மருந்து விஷயத்தில் வாசகருக்கு வாக்கில்லை. அவள் உண்டாள்.

செவ்வாய் காலை எட்டு மணி. மேசையில் ஒரு குவளை மைலோ, இரண்டு துண்டு ரொட்டி, ஒரு குளிகை. லோகேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிரே சிவநேசன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"என்னங்க பண்றீங்க?"

"செவுத்தப் பாக்குறேன். நான் ஒண்ணும் பாக்கல."

"சாமி பாக்கும்ல?"

"சாமிக்கு ஒன் வயித்துல நாலு ஓட்டை போட்டது தெரியாதா? சாப்புடு. மைலோ ஆறுது."

அவள் ரொட்டியைப் பிட்டாள். சற்று அழுதாள், அழுதால் வயிறு இழுக்கும் என்பதால் குறைவாகவே அழுதாள். உண்டாள். குளிகையை விழுங்கினாள். நண்பகலில் சோறும் குளிகையும். இடையே மணி பார்த்து வெள்ளை மாத்திரை. மாலையில் தாமான் குடியிருப்பின் முனை வரை நடந்து திரும்பினாள். புதனன்று தோள்வலியை மறந்தே போனாள். வெள்ளியன்று பூசையறையில் ஈற்றடியை எடுத்தாள். மூன்றாம் சீரைக் கடந்து, ஐந்தைக் கடந்து, சற்றே நடுங்கி, மூச்சு கரை சேர்ந்தது.

9

ஞாயிறு. மண்டபத்தில் பாய் விரித்துச் சபை நிறைந்திருக்கிறது. வைகறையில் தொடங்கியது முதல் முன்வரிசையில் ஓர் இருக்கை வெற்றிடமாகவே இருக்க, லோகேஸ்வரி பகல் முழுதும் இரண்டாம் வரிசையில் அமர்ந்து பின்பாட்டுப் பாடினாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று எண்ணிக்கொண்டார்கள். நிறைவுப் பதிகத்தின் முறை வந்ததும் அவள் எழுந்து திருச்செல்வத்தின் முன் நின்றாள். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இந்த முற்றோதலை இருபது ஆண்டுகளாக நடத்துபவர்.

"அண்ணே, செவ்வாய்க்கெழமையிலேருந்து மூணு வேளையும் சாப்புடுறேன். மருந்துக்காக."

அவர் தாளத்தை மடியில் வைத்தார். "முன்னாடியே ஒரு போன் போட்டிருக்கலாமே தங்கச்சி."

"போட்டா வேணாம்னு சொல்லிடுவீங்க. வேணாம்னா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

"பாட முடியுமா இப்ப?"

"முடியும். மூச்சு புடிக்க முடியுது."

"மாத்திரை போட்டுப் புடிக்கிற மூச்சு."

"ஆமாண்ணே. மாத்திரை போட்டுத்தான்."

அவர் கொடியவர் அல்லர். ஒரு விதியைத் தளர்த்தினால் மற்றவை நிற்குமா என்று இருபது ஆண்டுகளாக அஞ்சி வருபவர். அந்த அச்சத்தையும் நானே அவருக்குக் கொடுத்தேன். இங்கே நான் ஒரு சொல் எழுதினால் போதும், அவர் தலையசைப்பார். வேறொரு சொல் எழுதினால் மறுப்பார். ஆகவேதான் எழுதமாட்டேன். நான் விட்டுக்கொடுக்கும் உரிமை இதுவே.

திருச்செல்வம் எழுந்து நிற்கிறார். "நான் ஒருத்தன் சொல்றது சரியில்ல," என்கிறார். "சபை சொல்லட்டும்."

பாய்களில் அமர்ந்திருப்போர் திரும்பி ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அவர்களில் யாருக்கும் நான் பெயரோ வாயோ கொடுத்திருக்கவில்லை. இந்த மண்டபத்தில் பேசக்கூடியவர் இன்னும் ஒருவர் மட்டுமே இருக்கிறார். ஒட்டுக்கேட்ட வாக்கியத்திலிருந்து இதுவரை, ஒரு குறுக்குச் சொல்லும் இன்றி என்னோடு வந்தவர்.

லோகேஸ்வரி நின்றுகொண்டிருக்கிறாள். திருச்செல்வம் உங்களைத்தான் பார்க்கிறார்.